நாற்பது விநாடி

ஜெயசீலி டீச்சருக்கு அந்த நாற்பது எங்கிருந்து வந்ததென்று பிடிபடவே இல்லை.

பெருங்களத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர். ஒரு வாரம் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, நிஜமான கணக்கு ஒன்றைக் கொடுத்திருந்தார்.

பள்ளிக்கூட வாசலில் ஜி.எஸ்.டி. ரோட்டை நடந்து கடக்க, பச்சை விளக்கு எத்தனை விநாடி எரிய வேண்டும்? போய்ப் பாருங்கள், அளந்து வாருங்கள்.

நாலு குழுக்கள் இருபது, இருபத்தொன்று என்று எழுதியிருந்தன. மிருதுளா, ஸஹானா, கிறிஸ்டி மூவரும் சேர்ந்த குழு மட்டும் நாற்பது.

ரோட்டின் அகலம் சரி. வகுத்தலும் சரி. இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டார்.

"எத்தனை பேர் வேகத்தை வச்சுப் போட்டீங்க?"

"ஒருத்தரை வச்சு மிஸ்" என்றாள் மிருதுளா.

டீச்சருக்குச் சுருக்கென்றது. "மத்தவங்க வெயில்ல நின்னு அம்பது பேரை அளந்து சராசரி எடுத்திருக்காங்க. நீங்க ஒரே ஆளோட முடிச்சிட்டீங்களா? போன மாசம்தானே சராசரி நடத்தினேன்?"

"நாங்களும் அம்பது பேரை அளந்தோம் மிஸ். அப்புறம் விட்டுட்டோம்."

"ஏன்?"

"சராசரி வச்சா, அதைவிட மெதுவா நடக்கறவங்க எல்லாம் நடு ரோட்டுல மாட்டிப்பாங்களே. அதான், இருக்கறதிலேயே மெதுவா நடக்கறவங்களை எடுத்துக்கிட்டோம்."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். இருபது வருஷமாகச் சராசரி நடத்துகிறார். இப்படி ஒன்று அவருக்குத் தோன்றியதில்லை. தப்பு யார் பக்கம் என்றே குழம்பியது.

"ஒரு நாள் பார்த்துட்டு எழுதிட்டீங்களா?"

"ஆறு நாள் மிஸ். தினம் சாயங்காலம் நாலே காலுக்கு. ஆறு நாளும் நாற்பது செகண்டு."

இங்கேதான் பிடி கிடைத்தது டீச்சருக்கு.

"பச்சை எரியறதே இருபது செகண்டுதான். அதுக்கு மேல வண்டிங்க விடுமா? நாற்பது செகண்டு எப்படி நடந்திருப்பாங்க? பார்க்காததைப் பார்த்ததா எழுதாதீங்க."

மிருதுளா தலையைக் குனிந்துகொண்டாள். ஸஹானா ஜன்னலைப் பார்த்தாள். கிறிஸ்டிதான் மெல்லச் சொன்னாள்.

"மீதி இருபது செகண்டு நாங்க மூணு பேரும் கையைக் காட்டி வண்டிங்களை நிறுத்தி வச்சோம் மிஸ். முட்டி வலியில நீங்க குனிஞ்சே நடந்தீங்க, எங்களைப் பார்க்கலை."