கீரைக்குப் பந்தல்

மலாயாவில், டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகாதபடி தொழிலாளர் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி வந்த பிறகு, காவல் கோபுரத்துக்கு மறைப்பாக எதுவும் கட்டக் கூடாது என்பது உத்தரவு. பேச்சாயி கட்டிவிட்டாள். நான்கு மூங்கில், மேலே இரண்டு பழைய சேலை.

தோட்டத்துக் கணக்கரான கிராணி குலம் வந்து நின்றார்.

"என்ன பேச்சாயி இது?"

"கீரைப் பாத்திக்கு நிழலுங்க ஐயா. வெயில் கருக்குது."

"கீரைக்கு வெயில்தானே வேணும்? காட்டுக்காரருக்கு அரிசி குடுக்க நீ மறைப்புக் கட்டினதெண்டு கோபுரத்துக் காவல்காரன் சொல்லிப்போட்டான். அவிழ். இல்லாட்டி பின்னேரம் உன்னைப் பொலிஸ் லாரியில ஏத்துவாங்கள்."

பேச்சாயி முடிச்சில் கை வைக்கவில்லை.

"அரிசி எங்களுக்கே பத்தலீங்க. காரணத்தை வாயால சொல்லக் கூசுது. நான் சேலையைத் தூக்கிப் பிடிக்கிறேன், நீங்க ஒருவாட்டி மேல ஏறிப் பாருங்கலா."

முணுமுணுத்துக்கொண்டே குலம் ஏணியில் ஏறினார். காவல்காரன் பதறி எழுந்தான். அவனுடைய நாற்காலி காட்டுப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. குலம் அதில் உட்கார்ந்து பார்த்தார். பேச்சாயி தூக்கிப் பிடித்த சேலைக்குக் கீழே கீரைப் பாத்தி தெரிந்தது. அதைத் தாண்டி, லயத்துப் பெண்கள் குளிக்கும் குழாயடி.

குலம் நாற்காலியைக் காட்டுப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு இறங்கி வந்தார். பேச்சாயியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"கீரைக்குத்தான் எண்டு நான் துரையிட்டச் சொல்லுறன். இன்னொரு சேலையும் கட்டு."