டீயைக் குடித்தவர்

டீ கப்பை உதடு வரைக்கும் கொண்டுபோன மாப்பிள்ளையோட உம்மா அப்படியே நிறுத்திட்டாங்க.

"என்னது, மிருக ஆஸ்பத்திரியா? ஆடு மாடுதானேம்மா பாப்பே?"

பொண்ணு தலையைக் குனியலை. "இங்க ஆடு மாடு எங்க மாமி வருது? முக்காவாசி நாய்தான்."

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ரெண்டு வீட்டையும் கூட்டி வச்ச கல்யாணத் தரகர் நான்தான். ஜோடியக்கான்னா எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டுல 'பொண்ணு டாக்டர்'னு சொன்னேனே ஒழிய, யாருக்கு டாக்டர்னு வாயைத் திறக்கலை. எங்க தொழில்ல அதுக்குப் பேரு பக்குவம். பின்னே என்ன செய்யச் சொல்றீங்க? 'நாய் டாக்டர்'னு கேட்டதுமே வாசலோட திரும்பிப் போன வீடுங்க எத்தனை! பொண்ணுக்கும் வயசு ஏறிக்கிட்டே போகுது. இதையும் விட்டா அடுத்த இடத்துக்கு நான் எங்க போவேன்?

அந்தம்மா கப்பைக் கீழே வச்சாங்க. வச்சதோட விட்டாங்களா? விரல் நுனியால தள்ளி வேற விட்டாங்க. பக்கத்துல மாப்பிள்ளை, வாயில டீயை வச்சுக்கிட்டு முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம முழிச்சான்.

"நாயைத் தொடுற கையால போட்ட டீயை எப்படிக் குடிக்கிறது?"

பொண்ணு ஏதோ சொல்ல வாயெடுத்தா. அதுக்குள்ள அவ வாப்பா எழுந்துட்டார். ஆணி, பெயின்ட் விக்கிற கடைக்காரர். அதிர்ந்து பேசியே நான் கேட்டதில்லை.

"என்னம்மா சொன்னீங்க?"

"கோவிச்சுக்காதீங்க. நாய் எச்சில் பட்டா ஏழு தடவை கழுவணும். உங்களுக்குத் தெரியாததா?"

"நல்லாத் தெரியும்! மண்ணு போட்டு ஒண்ணு, தண்ணியில ஆறு. தினமும் வாசக் குழாய்ல அப்படிக் கழுவிட்டுத்தான் என் பொண்ணு உள்ள காலெடுத்து வைக்கிறா. கழுவினா சுத்தம்னுதானே மார்க்கம் சொல்லுது? கழுவின கையையும் ஒதுக்கி வைன்னு எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்!"

"சட்டம் பேசலாங்க. மனசு ஒப்பணுமே? நாளைக்கு எங்க வீட்டுக் கிச்சனுக்குள்ள இவளை எப்படி விடுறது?"

அவருக்கு முகமெல்லாம் சிவந்து போச்சு.

"மனசா? வண்டியில அடிபட்டு உயிருக்குத் துடிக்கிற வாயில்லா ஜீவனை மடியில போட்டுத் தையல் போடுற கைம்மா அது! அதைப் பார்த்தா உங்களுக்கு அருவருப்பா இருக்கா? வெக்கமா இல்லை உங்களுக்கு?"

சொன்னவர் விறுவிறுன்னு வந்தார். அந்தம்மா தள்ளி வச்ச கப்பை எடுத்து, மடக்கு மடக்குன்னு ஒரு சொட்டு விடாமக் குடிச்சார்.

"குடிச்சிட்டேன். எனக்கு என்ன ஆயிடுச்சு? இந்தச் சம்பந்தமே வேணாம். எழுந்திருங்க!"

அந்தம்மா கைப்பையைத் தூக்கிக்கிட்டு விடுவிடுன்னு கிளம்பிட்டாங்க. மாப்பிள்ளை மட்டும் செருப்பு மாட்டுறப்ப ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். திரும்பிப் பார்த்து என்ன பிரயோஜனம்? வாயைத் திறக்க வேண்டிய நேரத்துல திறக்கலையே.

போகட்டும், சனியன் விட்டதுன்னு நினைச்சேன். சம்பந்தம் கைநழுவிப் போயும் மனசு நிறைஞ்சு போனது எனக்கு அன்னைக்குத்தான். பொண்ணுகிட்ட போய்க் கையைப் பிடிச்சேன்.

"இப்படி ஒரு வாப்பா கிடைக்க நீ கொடுத்து வச்சிருக்கணும்மா."

அவ அழுவான்னு பார்த்தேன். அழலை. கண்ணு ரெண்டும் கோபத்துல எரியுது. என் கையை மெதுவா விலக்கிட்டு வாப்பா பக்கம் திரும்பினா.

"அந்த டீயைப் போட்டது உம்மான்னு தெரிஞ்சுதானே வாப்பா குடிச்சீங்க? இந்த வேலையில சேர்ந்த நாள்லேர்ந்து என்னைக் கிச்சனுக்குள்ளேயே விடாதவர் நீங்கதானே!"