கோப்பை வாங்கிய கார்

காரின் டிக்கியில் இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர் அடிக்கிற அடிக்கு, உள்ளே உட்கார்ந்திருப்பவனின் இதயமும் தாளம் பிசகாமல் துடிக்க வேண்டும். அதுதான் பந்தயம். முடிந்ததும் நாடியில் விரல் வைத்தபடி சத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, இதயத்தை அதன் போக்குக்கு விட்டுவிட வேண்டும். கோப்பை வாங்கிய குஷியில் கௌதமன் அதை மறந்து, பாட்டு அதிர அதிர வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டான்.

இப்போது கொஞ்சம் குறைத்தாலும் அவன் உதடு நீலமாகிறது. டாக்டர் வரும்வரை அணைக்கக் கூடாது. ராத்திரியிலிருந்து வாசலில் நிற்கும் காரில், மனைவி சுகந்தி அவன் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள். குறைத்துப் பார்த்தபோதெல்லாம் அவளுக்கும் நெஞ்சை அடைத்தது. பயம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு ரங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஏம்மா, ராத்திரி பூரா ஒருத்தருக்கும் தூக்கமில்ல. நீ நிறுத்தறயா, நான் நிறுத்தட்டுமா?"

"தொட்டறாதீங்க மாமா! அவரு செத்துருவாரு!"

அவர் காதில் வாங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் குமிழைத் திருகிப் பாட்டை அணைத்தார்.

கௌதமன் முன்னால் சரிந்தான். ரங்கசாமியும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவிலேயே சாய்ந்தார். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வாளியோடு விழுந்தாள். கண் இருட்டிக்கொண்டு வர, சுகந்தி தடவித் தடவிக் குமிழைத் திருப்பினாள்.

அடி மறுபடி எழுந்தது. தெருவுக்கே மூச்சு வந்தது.

ரங்கசாமி கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பேட்டரி எத்தன நேரம் தாங்கும், கண்ணு?"