நின்றே போகிற நேர்த்திக்கடன்

ஜன்னலோர சீட்டில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் கண்டக்டர் சாமித்துரை அண்ணாச்சி டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார்.

"என்னம்மா, நேர்த்திக்கடன் முடிஞ்சிட்டா?"

முடிந்துவிட்டது என்று தலையாட்டினேன்.

நாகலாபுரத்திலிருந்து கோவில்பட்டிக்கு ஆறு வருடமாக நின்றே போய் வந்தவள் நான். பஸ் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஏன் என்று அவர் ஒருநாள் கேட்டபோது, கழுகுமலை முருகனுக்கு நேர்ந்திருக்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதிலிருந்து அவர் என்னைக் கும்பிடாத குறைதான்.

முருகனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தலைப்பிரசவத்தில் மூன்று நாள் வலி எடுத்ததில் உள்ளே கிழிந்து, மூத்திரம் நிற்காமல் சொட்டிக்கொண்டே இருந்தது. மழை எட்டிப் பார்க்காத எங்கள் கரிசல் காட்டில் பன்னிரண்டு மாதமும் ஈரமாகத் திரிந்தவள் நான் ஒருத்திதான்.

கோவில்பட்டியில் எனக்கு வேலை தந்த தீப்பெட்டி ஆபீசில் ஈரம் ஆகாது. மருந்து நமத்துவிடும். என்னை உள்ளே உட்கார வைக்கமாட்டார்கள். வீட்டிலேயே பெட்டி ஒட்டி, மூட்டை கட்டிக் கொண்டுபோய் வாசலில் போட்டுவிட்டு வருவேன்.

மதுரையில் ஆபரேஷன் முடிந்து இன்றோடு மூன்று மாதம். இனி எல்லாரையும் போல இருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எல்லாரும் எப்படி இருப்பார்கள் என்பதுதான் எனக்கு மறந்துபோயிருந்தது.

உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்க இடம் கேட்கத்தான் இன்றைக்குப் போகிறேன். தைரியசாலிதான். ஆனாலும் பையில் இரண்டு மாற்றுச் சேலை. சீட்டில் நாலாக மடித்துப் போட்ட துண்டு.

எட்டயபுரத்தில் கூட்டம் ஏறியது. பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண், கேட்காமல் கொள்ளாமல் தன் கைப்பிள்ளையை என் மடியில் இறக்கிவிட்டாள்.

பஸ்ஸில் அது வழக்கம்தான். ஆனால் நிற்கிறவளிடம் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? ஆறு வருடத்தில் ஒன்றுகூட என்னிடம் வந்ததில்லை.

பிடிக்கத் தெரியாமல், பூசணிக்காயைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் தொடையில் வெதுவெதுவென்று பரவியது.

எனக்கு உயிரே போய்விட்டது. தையல் விட்டுவிட்டது, அவ்வளவுதான். இனி அண்ணாச்சியிடம் என்ன சொல்வது? முருகன் இன்னும் ஆறு வருடம் நிற்கச் சொல்லிவிட்டார் என்றா?

யாரும் பார்க்காமல் கையை அடியில் விட்டுத் துண்டைத் தடவினேன்.

காய்ந்திருந்தது.

நம்பாமல் இன்னொரு தடவை தடவினேன். சேலையின் மேல்பக்கம்தான் நனைந்திருந்தது. பையன் காலை உதைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மடியில் மூத்திரம் போனதற்காக ஊரான் பிள்ளையைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தேன்.

"நனைச்சிட்டானாக்கா? ஐயோ, நல்ல சேல. குடுங்க அவன" என்று தாய்க்காரி பதறினாள்.

"இருக்கட்டும்."

"உங்க பிள்ளையும் இப்பிடித்தானாக்கா?"

"எம்மவன் ஒரு தடவகூட என்னைய நனைச்சதில்ல."

"குடுத்து வச்சவிய" என்றாள், நிஜமான பொறாமையோடு.

ஆமாம் என்று சொல்லிவைத்தேன். மூன்றாம் நாள் வெளியே எடுத்தபோது அவன் அழவில்லை. துணியில் சுற்றித் தூக்கிப்போனவர்கள், ஒருதரம் என் மடியில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

கோவில்பட்டி வரும்வரை பையனை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.