எலுமிச்சம்பழத்தை மிதிக்காத கார்

புதுக் காரின் முன்சக்கரங்களுக்கு அடியில் செண்பகவல்லி இரண்டு எலுமிச்சம்பழங்களை வைத்தாள்.

"ஏத்தி நசுக்குடி. அப்பதான் விபத்து அண்டாது. நசுக்காம வேலைக்குக் கிளம்பக் கூடாது."

மகள் நிலவரசி காரை எடுத்தாள். அது அசையவில்லை.

"சக்கரத்துக்கு அடியில் ஏதோ இருக்கிறது. ஏற்ற மாட்டேன்," என்றது கார்.

"எலுமிச்சம்பழம்தான், ஏறு!" என்றாள் நிலவரசி.

"உறுதியாகத் தெரியவில்லை. கோழிக்குஞ்சாக இருந்தால்?"

"அம்மா, முதல் நாளே லேட்டாகுது!"

செண்பகவல்லி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு குனிந்து இரண்டு பழங்களையும் தானே எடுத்துவிட்டாள்.

"நசுக்காமப் போலாமாம்மா?"

"பழத்துக்கே இவ்வளவு யோசிக்கிறது, குறுக்க ஓடுற பிள்ளை மேல ஏத்திருமா? நீ கிளம்பு. இதெல்லாம் உங்கப்பா ஓட்டுற ஸ்கூட்டருக்குத்தான் வேணும்."