யாருக்கு யார் ஜாமீன்?

"வீட்டுக்கடன் கம்பெனி நொடிச்சுப் போனா யார் பொறுப்புன்னு கேட்டேன். மேல ஆறு மாடியிலயும் கையை விரிச்சுட்டாங்க. நீங்களாவது சொல்லுங்கண்ணா."

வங்கியின் ஆவண அறைக்கு வந்து நின்ற அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். படியேறி இறங்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது. குமாஸ்தா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

மாடிக்கு ஒன்றாக வங்கியின் துணைக் கம்பெனிகள். வீடு, காப்பீடு, வாகனம், பங்குச்சந்தை என்று அவர்கள் கைவைக்காத தொழில் இல்லை. ஒன்று படுத்தாலும் இன்னொன்று தாங்கும் என்பதுதான் வங்கியின் பெருமை. வீட்டுக்கடன்காரர்கள் காப்பீட்டு மாடிக்கு அனுப்பினார்களாம். அவர்கள் வாகனக்கடன் மாடியைக் கைகாட்டினார்களாம். கடைசியில் யாரோ ஒருவர், பத்திரமெல்லாம் கீழேதான் கிடக்கிறது என்று இங்கே தள்ளிவிட்டிருக்கிறார்.

இருபத்தாறு வருடமாக அந்தப் பத்திரங்களுக்கு எண் போட்டு அடுக்கியவர் குமாஸ்தாதான். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அது அவர் வேலையும் இல்லை. ஆனாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. மூன்று கட்டுகளை எடுத்துத் தூசி தட்டினார்.

வீட்டுக்கடன் கம்பெனிக்கு ஜாமீன், காப்பீட்டுக் கம்பெனி. அதற்கு ஜாமீன், வாகனக்கடன் கம்பெனி. மூன்றாவது கட்டைப் பிரித்தவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். வாகனக்கடனுக்கு ஜாமீன், அதே வீட்டுக்கடன் கம்பெனி.

அவர் ஓய்வு பெற இன்னும் எட்டே மாதம். வாயைத் திறந்தால் வேலைக்கு உலை. திறக்காவிட்டால் இந்த அம்மாளின் கதி என்ன? எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்க பணம் இங்க இருக்காம்மா?"

"எல்லாமே இங்கதாண்ணா."

"நீச்சல் தெரியாத மூணு பேரு ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு ஆத்துல நிக்கிறாங்க. ஒருத்தர் கால் வழுக்கினா மூணு பேரும்தான். பேசாம நாளைக்கே வந்து பணத்தை எடுத்துடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா."

அந்த அம்மாள் கட்டுகளைத் தன் பக்கம் திருப்பி, மூன்று பத்திரங்களையும் வரி வரியாகப் படித்தார்.

"என்னால எடுக்க முடியாதுண்ணா," என்றார் அமைதியாக. "இன்னைக்குக் காலையிலதான் இந்த வங்கிக்குத் தலைவராப் பொறுப்பேத்துக்கிட்டேன். மத்தக் கட்டுகளையும் எடுங்க."