வாயாடி

தலைமையாசிரியையின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தாள் ஏழு வயது மகள். இமைகூடத் தட்டவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மூன்று மாதத்துக்கு முன் இதே அறையில் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னவள் அவள். வீட்டில் வாயாடி என்றே பேர்.

"ஆட்டிசம்னு டாக்டர் எழுதியிருக்காங்க, பரவாயில்ல. ஆனா ஆள் முகத்தையே பாக்க மாட்டேங்கிறாளே. பழக்கிக் கூட்டிட்டு வாங்க, ஒரு இடம் வச்சிருக்கேன்" என்று அன்றைக்கு அனுப்பியிருந்தார் தலைமையாசிரியை. ஐந்து பள்ளிக்கூடம் ஏறி இறங்கியதில் இந்த ஒரு இடத்தில்தான் கதவைச் சாத்தவில்லை.

அம்மாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க ஊரார் கண்ணை அளவெடுப்பவளுக்குப் பெற்ற மகளின் கண் மட்டும் சிக்காமல் இருந்தது. கடையில் சொல்வதையே வீட்டிலும் சொன்னாள்: "என்னைப் பாரு. அசையாம பாரு." பார்த்தால் ஒரு ஸ்டிக்கர். பழகப் பழக வீடு அமைதியானது. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டாள்.

"உன் பேர் என்னம்மா?"

மகள் பார்த்தாள்.

"உனக்கு என்ன பிடிக்கும்?"

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லுடா கண்ணு" என்று கெஞ்சினாள் அம்மா. "வீட்ல நல்லாப் பேசுவா மேடம்." சொல்லும்போதே, கடைசியாக எப்போது பேசினாள் என்று அவளுக்கே நினைவுக்கு வரவில்லை.

தலைமையாசிரியை ஃபைலை மூடினார். "பார்வை நல்லா வந்திருக்கு. பேச்சு போயிடுச்சே. பேசாத பிள்ளைங்களுக்கு எங்ககிட்ட டீச்சர் இல்ல, தப்பா நினைக்காதீங்க."

பஸ் நிறுத்தத்தில் அம்மா அழாமல் இருப்பதற்காகச் சாலையையே வெறித்துக்கொண்டு நின்றாள். இனி எந்த வாசலில் போய் நிற்பது என்று தெரியவில்லை. மகள், எதிரே நின்றிருந்த ஒரு பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பேர் வீட்ல வாயாடி, இன்னொரு பேர் ஃபைல்ல இருக்கு. பிடிச்சது சக்கரம். இதுல பத்து போல்ட், ஒண்ணு புதுசு. அந்த மிஸ் கேட்டாங்களே."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மகளின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "இதை அங்க ஏண்டி சொல்லல? என்னைப் பாத்துச் சொல்லு."

மகள் பார்த்தாள். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பாக்கணுமா, பேசணுமா? ஒண்ணு சொல்லும்மா."